பக்க இடைவெளியில் ஒரு வெங்காயப் பட்டறை

நடந்தது இது:

1. இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருந்த ஒரு வெங்காயப் பட்டறை மீது பேரூராட்சிக்குப் புகார் வந்தது.
2. நான் போய் அளந்தேன். அளவை எழுதிக் கொடுத்தேன்.
3. மறுபடி அளந்து வரச் சொன்னார்கள். அளந்தேன். அதே அளவு.
4. இன்னொரு தரமும் சொன்னார்கள். புகார் கொடுத்தவர் கையிலேயே டேப்பைக் கொடுத்து அளந்தேன். அதே அளவு.
5. கோப்பு என்னிடமிருந்து வேறொருவருக்குப் போனது.
6. பட்டறையை அகற்ற ஆட்கள் வந்தார்கள்.
7. என் கையெழுத்தைக் கேட்டார்கள். போடவில்லை.
8. இப்போது நான் அந்த அலுவலகத்தில் இல்லை.

எனக்கு வயது முப்பத்து நான்கு. இப்படிப்பட்ட கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். நான் ஓய்வு பெறவில்லை, வெளியே வந்தேன். திரும்பப் போகும் எண்ணம் இல்லாததால் எழுதும் தகுதி எனக்கும் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. இப்போது சின்ன வீடுகளுக்கு ஆன்லைனிலேயே சுயசான்று கொடுத்து அனுமதி வாங்கிவிடலாம். யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. என்னிடம் வரைபடம் வரைய வரும் டிப்ளமோ பெண்களில் ஒருத்தி கேட்டாள்:

"அனுமதி தர்றதுக்கு முன்னாடி நேர்ல போயி பார்ப்பீங்களாமே, அங்க போயி என்னக்கா பண்ணுவீங்க?"

"அளப்போம்."

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான். அதைச் செய்ததற்காகத்தான் நான் வேலையில் இல்லை.

பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்தேன், சிவில். கொஞ்ச காலம் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் கம்பி எண்ணி, செங்கல் எண்ணிப் பழகினேன். பிறகு ஒப்பந்த அடிப்படையில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. முதலில் அரியலூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சி, அடுத்து பெரம்பலூர்ப் பக்கம் இன்னொன்று. பெயர்கள் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டு வரைபடங்களைப் பார்க்க எல்லோரும் போட்டி போடுவார்கள். வீடு கட்டி முடித்த பிறகு பக்கத்தில் முளைப்பவற்றைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். கார் ஷெட், மாட்டுக் கொட்டகை, ஆட்டுப் பட்டி, விறகுக் கொட்டகை, மோட்டார் ரூம், வெளியே கட்டும் குளியலறை. அந்தக் கோப்புகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. வீட்டுக்கு அனுமதி வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொட்டகைக்கும் விதி உண்டு என்றால் சிரிப்பார்கள். "மாடு கட்டுறதுக்குக்கூட மனு போடணுமா?" என்பார்கள்.

அரியலூர்ப் பக்கம் இருந்தபோது உண்மையாகவே ஒரு மாட்டுக் கொட்டகைக்கு மனு வந்தது. வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்தது, வாசலின் உயரத்தைத் தவிர. போய்ப் பார்த்தேன். உள்ளே தொட்டி இல்லை, முளைக்குச்சி இல்லை, தரையில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஒன்று பின்பக்கமாக ரிவர்ஸ் எடுத்து வந்து நிற்கிற அளவுக்கு இடம்.

"மாடு எங்கங்க?" என்றேன்.

வீட்டுக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "லோடு ஏத்தப் போயிருக்கும்மா. சாயந்தரம் வந்துரும்."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். லாரி ஷெட் என்றே எழுதினேன். குடியிருப்புப் பகுதியில் அது கூடாது என்றும் எழுதினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. ஊருக்கு வெளியே இடம் பார்த்துக்கொண்டார். வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

எந்தக் கொட்டகைக்குப் போனாலும் நான்கு கேள்விகள் வைத்திருந்தேன். கூரை எதனால்? சுவர் உண்டா? தரையோடு பிணைப்பு உண்டா? எதற்குப் பயன்படுகிறது? இந்த நான்குக்கும் பதில் எழுதிய பிறகுதான் டேப்பை எடுப்பேன்.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் எல்லைக்கல்லைத் தேட வேண்டும். பல நேரம் அது துவைக்கிற கல்லாக மாறியிருக்கும். மனை எதுவும் சரியான சதுரமாக இருப்பதில்லை என்பதால் முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். தூணிலிருந்து அளந்தால் போதாது. கூரையின் விளிம்பில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மழைத் தண்ணீர் சொட்டும் இடத்தைத் தரையில் குறித்து, அங்கிருந்து எல்லைவரை அளக்க வேண்டும். கொட்டகைச் சண்டைகளில் பாதி தண்ணீர்ச் சண்டைதான். தூண் யார் இடத்தில் இருக்கிறது என்பதைவிடச் சொட்டு யார் இடத்தில் விழுகிறது என்பதுதான் தெருவில் பேச்சாக இருக்கும்.

இனி பெரம்பலூர்ப் பக்கத்து அந்தப் பட்டறை.

எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாசியில் பிடுங்கும் வெங்காயத்தில் நல்லதாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பார்கள். ஆடி நடவுவரை அது அழுகாமல் இருக்க வேண்டும். அதற்காகப் போடுவதுதான் பட்டறை. கற்களை அடுக்கி, அதன்மேல் கழிகளைப் பரப்பி, சுற்றிலும் மூங்கில் படல் கட்டி, தென்னங்கீற்று வேய்ந்த நீளமான குறுகிய கொட்டகை. அதற்கு வேண்டியது காற்று. இரண்டு வீடுகளுக்கு நடுவில் செட்பேக் என்று விதி ஒதுக்கச் சொல்கிற சந்தில்தான் காற்று நன்றாக ஓடும். காற்றோட்டத்துக்காக விதி விட்ட இடத்தைக் காற்றுக்காகவே எங்கள் ஊர்க்காரர்கள் பட்டறை போட்டு நிரப்பிவிடுவார்கள். தெருவுக்கு நாலைந்து வீட்டிலாவது இப்படி இருக்கும்.

மல்லிகா அக்காவின் பட்டறையும் அப்படித்தான். குன்னம் போகிற வழியில் அவருக்கு மானாவாரி நிலம். கணவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். பயிர் வேலை முழுவதும் அக்காவின் பொறுப்பு. பக்கத்து மனையை வாங்கி மாடி வீடு கட்டியவர் தனபால், சாலை கான்ட்ராக்டர். கார் வாங்கியதும் தன் பக்கத்து இடைவெளியில் இரும்புக் குழாய் ஊன்றித் தகர ஷெட் போட்டார். தகரத்தின் சரிவை அக்கா வீட்டுப் பக்கம் விட்டுவிட்டார். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. தகரத்தில் விழுந்த தண்ணீர் முழுவதும் பட்டறையின் படலில் அடித்தது. ஒரு ஓரத்து வெங்காயம் அழுகிப்போனது. அக்கா தெருவில் நின்று சத்தம் போட்டார். அந்த வாரமே தனபாலின் புகார் அலுவலகத்துக்கு வந்தது: அனுமதி இல்லாத குடோன், நாற்றம், எல்லை மீறிய கூரை.

நான் போனபோது அக்கா கையில் ஈர வெங்காயத்தோடு நின்றார்.

"ஏம் பாப்பா, அவரு தண்ணிய எம் பட்டறையில விடுவாராம், எம் வெங்காயம் அவருக்கு நாறுதாம். நீயே மோந்து பாரு. இது வெங்காயமா நாறுது, இல்ல அவரு தண்ணியா?"

"அளந்துட்டுச் சொல்றேன் அக்கா."

"அளந்துக்க. ஆனா ஆடி வரைக்கும் இத நகத்த முடியாது. இதுதான் எனக்கு விதை. இது போச்சுன்னா நான் எதை நட்றது, அவரு கார நட்றதா?"

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. விதியைக் கறாராகப் படித்தால் பக்க இடைவெளியில் பட்டறையும் இருக்கக் கூடாது, எடுக்கச் சொல்ல அலுவலகத்துக்கு உரிமை உண்டு என்றேன். அவர் முகம் மாறியது. "அப்போ அந்தத் தகரம்?" என்றார். அதற்கும் அதே விதி என்றேன்.

அளந்தேன். பட்டறையின் சொட்டு எல்லைக்கு ஒன்றரை அடி உள்ளே, அக்காவின் இடத்திலேயே விழுந்தது. தனபாலின் தகர விளிம்பு எல்லையைத் தாண்டி ஒரு கை அகலம் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் வரைபடமாகப் போட்டு எழுதினேன். பட்டறை: கீற்றுக் கூரை, சுவர் இல்லை, வெறும் மண்ணில் நட்ட கழிகள், கான்கிரீட் பிணைப்பு இல்லை, சொந்த விளைச்சலைக் காக்கும் உபயோகம், பக்க இடைவெளியில் உள்ளது. மறுபக்கம்: தகரக் கூரை, கான்கிரீட் போட்டு ஊன்றிய தூண்கள், கார் நிறுத்தும் உபயோகம், பக்க இடைவெளியில் உள்ளது, கூரை எல்லை தாண்டியுள்ளது.

எங்கள் பணி மேற்பார்வையாளர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒருமுறைகூட யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அறிக்கையை நிதானமாகப் படிப்பார். டீ வரவழைத்து நமக்கும் ஒன்று கொடுப்பார். குழந்தைகளை விசாரிப்பார், இல்லாதவர்களிடம் கல்யாணத்தை விசாரிப்பார். பிறகு கோப்பை மூடி நம் பக்கம் தள்ளி, "மறுபடி ஒருதரம் அளந்துட்டு வாம்மா" என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார். என்ன அளவு வேண்டும் என்றும் சொல்லமாட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். இரண்டாம் தரம் அளந்தால் அளவு மாறும். மாறுவதற்காகத்தான் இரண்டாம் தரம்.

எனக்கும் தெரியும். நான் சொன்னபடி செய்தேன். போய் மறுபடி அளந்தேன்.

மல்லிகா அக்கா சாணி தெளித்துக்கொண்டிருந்தார். டேப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன பாப்பா, அதுக்குள்ள பட்டறைக்கு உடம்பு வெச்சிருச்சா? கல்யாணத்துக்கு ஜாக்கெட்டு தைக்கிறவகூட இத்தனை தரம் அளவெடுக்கமாட்டா."

அதே ஒன்றரை அடி. அதே கை அகலம். அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி வைத்தேன். மேற்பார்வையாளர் படித்தார். டீ வந்தது.

"ஏம்மா, புகார் பட்டறை மேல. கார் ஷெட்டு மேல யாரும் புகார் குடுக்கல. இல்லாத புகாருக்கு எதுக்கு அளவு?"

"இடைவெளி ரெண்டு பக்கமும் சேர்ந்ததுதான சார்? ஒரு பக்கத்த மட்டும் எப்படி சார் வரையறது?"

"வரையத் தெரியாதா உனக்கு?" என்று சிரித்தபடியே கேட்டார். "மறுபடி ஒருதரம் போயிட்டு வா."

இடையில் அவருக்கு வேறு வேலைகள், எனக்கும் வேறு கோப்புகள். மூன்றாம் தரம் நான் போனபோது ஆனி பிறந்துவிட்டது. இந்த முறை தனபாலை அவர் வீட்டு வாசலில் போய்க் கூப்பிட்டேன். புகார்தாரர் முன்னிலையில் அளப்பது முறைதான், யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம். டேப்பின் ஆரம்ப முனையை மல்லிகா அக்கா கையில் கொடுத்துச் சொட்டுக் குறியில் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையைத் தனபாலிடம் கொடுத்து எல்லைக்கல்லில் வைத்துப் படிக்கச் சொன்னேன். தெருவில் பத்துப் பேராவது கூடிவிட்டார்கள்.

"படிங்க சார்."

"நீங்கதான மேடம் இன்சினியர். நீங்க படிங்க."

"புகார் உங்களுது. நீங்களே சொன்னா எனக்கும் சந்தேகம் இருக்காது."

அவர் படிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஒன்றரை அடிங்க" என்றார். "உள்ளதான் இருக்கு."

"டேப்ப இழுத்துப் பிடிச்சிருக்கா அவ" என்றார் தனபால்.

"இழுத்தா நீளுறதுக்கு அது என்ன உம்ம டெண்டரா?" என்றார் அக்கா. தெரு மொத்தமும் சிரித்தது.

அடுத்து, கயிற்றில் கட்டிய கல்லைத் தகர விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். கல் எல்லைக்கு இந்தப் பக்கம், அக்காவின் மண்ணில் தொட்டு நின்றது. அதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தனபால் என்னை நேராகப் பார்த்தார். அதுவரை மேடம் என்றவர், "ஏம்மா பொண்ணு, உன்ன எதுக்கு அனுப்பினாங்க, நீ எத அளக்குற?" என்றார்.

"இடைவெளிய அளக்கறேன் சார். அதுக்குத்தான் அனுப்பினாங்க."

அடுத்த நாள் காலையில் அவர் தகர விளிம்பை ஒரு கை அகலம் வெட்டி, அதோடு சேர்த்துத் தண்ணீர் ஓடத் தகரக் கால்வாய் ஒன்றையும் ஆள் வைத்துப் பொருத்திவிட்டார். தெரு பார்த்துவிட்டதே என்று செய்தாரா, என் வரைபடத்தைப் பொய்யாக்கச் செய்தாரா, தெரியாது. எதுவானாலும் தண்ணீர் பட்டறையில் விழுவது நின்றது. நான் என் அறிக்கையில் அதையும் சேர்த்தேன்: விளிம்பு வெட்டப்பட்டது, தூண்கள் இடைவெளியிலேயே உள்ளன.

மேற்பார்வையாளர் இந்த முறை டீ சொல்லவில்லை. கோப்பை என் பக்கம் தள்ளவும் இல்லை. தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். என் பக்கத்து இருக்கைக்காரர் அன்று மாலை என்னிடம் வந்து, "கவிதா, அத எங்கிட்ட குடுத்துட்டாங்க, தப்பா எடுத்துக்காத" என்றார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், நிரந்தரப் பணியும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் போகாமலே எழுதினார். அவர் அறிக்கையில் பட்டறை குடோன் ஆகிவிட்டது. வெங்காயம் சரக்கு ஆகிவிட்டது. கார் ஷெட் காணாமல் போய்விட்டது.

குடோன் என்றால் சாதாரண விஷயம் இல்லை. அந்த வீடே வணிகக் கட்டடம் என்ற பேச்சு வரும். வரி மாறும், மின்சாரக் கட்டணத்தின் வகை மாறும். சரக்கோடு சேர்த்து அகற்று என்று நோட்டீஸ் ஒட்டலாம். ஒட்டினார்கள்.

அன்றே என் மூன்று அறிக்கைகளையும் வரைபடத்தையும் நகலெடுத்து, ஒரு முகப்புக் கடிதத்தோடு மாவட்ட அளவில் உள்ள மேல் அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். ஒளித்துச் செய்யவில்லை. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏம்மா இப்படி?" என்றார். உண்மையாகவே வருத்தமாகக் கேட்டார்.

"நான் அளந்தது சார். வேற யாரும் அளக்கல."

நோட்டீஸின் கெடு முடிந்து ஆட்கள் வந்தபோது ஆடி பாதி போயிருந்தது. மூன்று தரம் அளக்கச் சொன்னதில் போன நாட்கள் அக்காவுக்குப் போதுமானதாக இருந்தன. விதை வெங்காயம் முழுவதும் வயலுக்குப் போய்விட்டது. வெங்காயம் வெளியேறியதும் கீற்றையும் படலையும் பிரித்து, கழிகளை வெயிலில் காயவிடுவது அங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். அடுத்த வருஷத்துக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். ஆகவே சந்தில் நின்றது கற்களும் நாலைந்து நட்டுக்குத்துக் கழிகளும்தான். ஒரு கழியில் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது.

"இதுல என்னத்த சார் பிரிக்கிறது?" என்றார் கடப்பாரையோடு வந்தவர். "ஆட்டையா?"

மேற்பார்வையாளர் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். 'அகற்றப்பட்டது' என்று எழுதச் சொன்னார். முதலில் இடத்தை அளந்த தொழில்நுட்ப உதவியாளர் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், அந்த முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"கூரை இல்லை, கழிகள் நிற்கின்றன, பக்கத்தில் கார் ஷெட் நிற்கிறது. இப்படி எழுதுங்க சார், போடறேன்."

மல்லிகா அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன பாப்பா நீ? அவரே போதும்னு கெளம்புறாரு. போட்டுட்டுப் போயேன். கழியப் புடுங்கச் சொல்லித் தர்றியா?"

"இல்ல அக்கா."

"பின்ன யாருக்காக நிக்கிற?"

அவர் கேட்டது நியாயம். அந்தப் பொய் அவருக்குச் சாதகமாகவே இருந்தது. ஆனால் எந்தக் கையால் ஒன்றரை அடி என்று மூன்று தரம் எழுதினேனோ அதே கையால் நிற்கிற கழியை இல்லை என்று எழுத எனக்கு வரவில்லை. அக்காவுக்குச் சாதகமான பொய்யை எழுதினால், தனபாலுக்குச் சாதகமான பொய்யை மறுத்ததற்கு என்ன அர்த்தம்? அளவு யார் பக்கமும் இல்லை என்றுதான் தெரு முன்னால் டேப்பைப் பிடித்தேன். இதையெல்லாம் அக்காவிடம் அப்போது சொல்லவில்லை. "எனக்காக அக்கா" என்றேன். அவர் கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கழியைப் பிடுங்கச் சொல்லவும் மேற்பார்வையாளருக்கு மனமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள். நான் என் வண்டியில் வந்தேன். அந்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் டீ கிடைத்திருக்கும்.

இப்போது இருக்கிற நிலை இது. வேப்பந்தட்டையில் ஒரு சின்ன அறை எடுத்து, பதிவு பெற்ற பொறியாளராக வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். சுயசான்று என்றாலும் இடத்துக்குப் போய் அளக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் சிலர் வேறு இடம் தேடிப் போகிறார்கள். போகட்டும். மல்லிகா அக்கா அடுத்த அறுவடைக்கு அதே இடத்தில் கீற்று வேய்ந்தார். அலுவலகக் கோப்பில் அகற்றப்பட்ட பட்டறை சந்தில் நிற்கிறது, உள்ளே விதை வெங்காயம் இருக்கிறது. என்னோடு அவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. தனபாலின் கார் ஷெட்டுக்கு மேல் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். ஷெட்டும் நிற்கிறது. அந்த நோட்டீஸ் என் வரைபடத்தை வைத்து வந்தது என்பதால், அந்த வரைபடத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லி இரண்டு முறை என்னிடம் ஆள் வந்தது. நான் பெறவில்லை.